விஸ்டம்: ஒரு அல்பட்ராஸோட கால் வளையம் சொன்ன கதை

1956 டிசம்பர் 10-ஆம் தேதி, பசிபிக் கடலோட நட்டநடுவுல இருக்கிற மிட்வே தீவுல சாண்ட்லர் ராபின்ஸ்னு ஒரு அமெரிக்கப் பறவை ஆய்வாளர், அடைகாத்துக்கிட்டு உக்காந்திருந்த லேசான் அல்பட்ராஸ்ங்கிற கடற்பறவைகளை ஒண்ணொண்ணா பிடிச்சு கால்ல நம்பர் போட்ட வளையத்தை மாட்டி விட்டுக்கிட்டே போறாரு, அன்னிக்கு ஒரு நாள்ல மட்டும் 99 பறவை. அமெரிக்கக் கடற்படைக்கு அங்க விமான தளம் இருந்துச்சு, ஓடுபாதைக்கு மேல அல்பட்ராஸ் கூட்டம் கூட்டமா சுத்தி விமானத்துல மோதிக்கிட்டு இருந்துச்சு, இந்தப் பறவைங்களோட போக்குவரத்து புரிஞ்சா மோதலைக் குறைக்கலாம்ங்கிறதுதான் அந்த வேலைக்குப் பின்னாடி இருந்த காரணம். அந்த 99-ல ஒண்ணு மத்ததுங்க மாதிரியேதான் இருந்திருக்கும், அதைப் பத்தித் தனியா எழுதி வைக்க அன்னிக்கு எதுவும் இல்ல.

அந்தப் பறவை 2024 நவம்பர்லயும் அதே தீவுக்கு வந்து முட்டை போட்டுச்சு.

இந்த ஒரு பறவையை வச்சு அல்பட்ராஸோட வாழ்க்கையையே சொல்லிடலாம்னு எனக்கு ரொம்ப நாளா தோணிக்கிட்டு இருந்துச்சு, அதனாலதான் இதை ஒரு நிகழ்வு ஆய்வா எழுதுறேன். இவளைப் பத்தி வர்ற செய்தி எல்லாமே "உலகத்துலயே வயசான பறவை, அதிசயம்"னு முடிஞ்சுடுது. எனக்கு அதிசயத்தை விட அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குதான் பெருசா தெரியுது. (இந்தப் பறவையை 'அது'ன்னு எழுத மனசு வரல, 'அவ'ன்னே எழுதுறேன்.)

எப்படிக் கண்டுபிடிச்சாங்க

2002-ல ராபின்ஸ் மறுபடி மிட்வேக்குப் போறாரு. அப்ப அவருக்கு எண்பது தாண்டியாச்சு. உப்புத் தண்ணியிலயும் மணல்லயும் வளையம் தேய்ஞ்சுடும், நம்பர் அழிஞ்சு போறதுக்குள்ள புதுசு மாட்டணும், அந்த வேலையில அவர் கைக்கு ஒரு பறவை சிக்குச்சு. ஊருக்குத் திரும்பிப் பழைய பதிவேட்டை எடுத்து நம்பரைப் பின்னோக்கித் தேடிக்கிட்டே போனா, அது 46 வருஷத்துக்கு முன்னாடி இவரே வளையம் மாட்டின பறவை. நடுவுல வளையம் மாத்தும்போதெல்லாம் பழைய நம்பருக்கு எதிர்ல புது நம்பரை ஒழுங்கா எழுதி வச்சிருந்தாங்க, அந்தச் சங்கிலி எங்கயும் அறுந்து போகல. ஒரே ஒரு தடவை யாராவது எழுத மறந்திருந்தாக்கூட இந்தக் கதையே கிடையாது, அவ பத்தோட பதினொண்ணா பேர் தெரியாத ஒரு கிழட்டுப் பறவையா இருந்திருப்பா.

அதுக்கப்புறம்தான் தூரத்துல இருந்தே படிக்கிற மாதிரி சிவப்புக் கலர்ல பெரிய எழுத்து போட்ட வளையம் மாட்டினாங்க, இசட் 333. விஸ்டம்னு, அதாவது ஞானம்னு, பேரும் வந்துச்சு. பல வருஷம் கழிச்சு ராபின்ஸ் சொன்னது மனசுல நிக்குது: நான் நரைச்சுப் போய் கைத்தடி ஊன்றி நடக்கிறேன், அவ மட்டும் நான் வளையம் மாட்டின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கான்னு. அவர் 2017-ல 98 வயசுல இறந்து போனாரு. அவ இன்னும் பறந்துக்கிட்டு இருந்தா.

வயசை எப்படிச் சொல்றாங்கங்கிறதையும் சொல்லிடணும், ஏன்னா நிறைய பேர் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. 1956-ல அவ குஞ்சு இல்ல, முட்டை மேல உக்காந்திருந்த முழு வளர்ந்த பறவை. லேசான் அல்பட்ராஸ் அஞ்சு வயசுக்கு முன்னாடி முட்டை போடாது, அதனால 1951 வாக்குல பொறந்திருக்கணும்னு கணக்குப் போட்டாங்க. ஆனா அஞ்சு வயசுங்கிறது கீழ் எல்லைதான், பெரும்பாலான பறவைங்க முதல் முட்டை போடவே எட்டு ஒன்பது வயசு ஆயிடும். ஆக 2024-ல சொன்ன 74 வயசு குறைஞ்சபட்சம்தான், உண்மையில இன்னும் சில வருஷம் கூட இருக்கலாம்.

என்ன மாதிரி உடம்பு

இறக்கையை விரிச்சா ரெண்டு மீட்டர் அகலம், எடை மட்டும் மூணு கிலோ பக்கம். அல்பட்ராஸ் குடும்பத்துல இது சின்ன ஆளுதான், தென் கடல்ல இருக்கிற வாண்டரிங் அல்பட்ராஸுக்கு இறக்கை மூணரை மீட்டர் வரைக்கும் போகும், உயிரோட இருக்கிற எந்தப் பறவைக்கும் அவ்ளோ நீளம் கிடையாது. லேசானுக்கு உடம்பு வெள்ளை, இறக்கை கருப்பு, கண்ணைச் சுத்தி யாரோ மை தீட்டி லேசாக் கலைச்சு விட்ட மாதிரி ஒரு நிழல்.

இறக்கை நீளமும் ஒல்லியுமா இருக்கிறதாலதான் இந்த வாழ்க்கையே சாத்தியம். கடல் மேல காத்து எல்லா உயரத்துலயும் ஒரே வேகத்துல அடிக்காது, அலையை ஒட்டி மெதுவா இருக்கும், கொஞ்சம் மேல போனா வேகமா இருக்கும். அல்பட்ராஸ் காத்துக்கு எதிர்ல மேல ஏறும், உச்சியில திரும்பும், காத்தோட சேர்ந்து சரிஞ்சு அலை வரைக்கும் இறங்கும், மறுபடி எதிர்ல திரும்பி ஏறும், இப்படியே வளைஞ்சு வளைஞ்சு போகும்போது ஒவ்வொரு சுத்துலயும் காத்துகிட்ட இருந்தே வேகத்தை எடுத்துக்கும். இறக்கையை அடிக்கவே தேவையில்ல. விரிச்ச இறக்கையைத் தாங்கிப் பிடிக்கிறதுக்குக் கூட தோள்ல ஒரு தசைநாண் பூட்டு மாதிரி இருக்கு, அதனால தசை அசந்து போகாது. வாண்டரிங் அல்பட்ராஸுக்கு இதயத்துடிப்பு அளக்கிற கருவி கட்டிப் பார்த்தாங்க, நல்ல காத்துல பறக்கும்போது துடிப்பு கூட்டுல சும்மா உக்காந்திருக்கும்போது இருக்கிற அளவை விடப் பெருசா ஏறவே இல்ல. கஷ்டம் எல்லாம் தரையில இருந்து கிளம்பும்போதுதான், அப்ப பாவம் ரெண்டு காலையும் தப்பு தப்புன்னு அடிச்சு ஓடி ஓடி எழும்பணும்.

விஸ்டம் இதுவரைக்கும் 30 லட்சம் மைலுக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 50 லட்சம் கிலோமீட்டர் பறந்திருப்பான்னு ஒரு மதிப்பீடு இருக்கு. மேல சொன்ன பறக்கிற முறை தெரியலன்னா இந்த எண்ணை நம்பவே முடியாது, தெரிஞ்சவங்களுக்கு ஆமா இருக்கும்னு தோணும்.

தண்ணிக்கு என்ன பண்ணும்? கடல் தண்ணிதான். கண்ணுக்கு மேல உப்புச் சுரப்பி இருக்கு, ரத்தத்துல கூடுதலா சேர்ற உப்பை வடிகட்டி மூக்கு வழியா வெளிய தள்ளும், அலகு நுனியில சொட்டுச் சொட்டா அந்த உப்புத் தண்ணி விழும். மூக்கு சின்னக் குழாய் மாதிரி அலகு மேல ரெண்டு பக்கமும் இருக்கும், மோப்ப சக்தி ரொம்ப ஜாஸ்தி, கணவாய் மீன் இருக்கிற இடத்தை மோப்பத்துலயும் தேடிப் போகும்.

திரும்பி வர்ற பழக்கம்

விஸ்டத்தோட கதையில என்னை ரொம்பப் பிடிச்சு வச்சது இதுதான். ஒவ்வொரு வருஷமும் அவ வர்றது மிட்வேக்கு மட்டும் இல்ல, கிட்டத்தட்ட அதே கூட்டு இடத்துக்கு, சில அடி இப்படி அப்படி.

1950-கள்ல இதைக் கடற்படையும் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிச்சு. பறவையைப் பிடிச்சுத் தூரமா கொண்டு போய் விட்டா தொல்லை தீருமான்னு பார்க்க 18 லேசான் அல்பட்ராஸை விமானத்துல ஏத்தி வேற வேற திசையில கொண்டு போய் விட்டாங்க. 14 திரும்பி வந்துடுச்சு. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலக் கரையில விட்ட ஒண்ணு 5,000 கிலோமீட்டருக்கு மேல கடந்து பத்தே நாள்ல கூட்டுக்கு வந்துச்சு, பிலிப்பைன்ஸ்ல விட்டது 6,600 கிலோமீட்டரை 32 நாள்ல தாண்டி வந்துச்சு. வாழ்நாள்ல எந்த லேசான் அல்பட்ராஸும் போக வேண்டிய அவசியமே இல்லாத கடல் அது, அங்க இருந்து எப்படி வழி தெரிஞ்சுது?

இந்தப் பிடிவாதத்தாலதான் வளையம் போட்ட ஆராய்ச்சியே நடக்குது. இசட் 333 எங்க இருப்பான்னு தேடிக்கிட்டு அலைய வேண்டாம், நவம்பர் கடைசியில அந்த இடத்துக்குப் போய் நின்னா போதும். ஆனா அதே பிடிவாதம்தான் ஆபத்தும். அந்தத் தீவுக்கு எது வந்தாலும் இதுங்க இடம் மாறிப் போகாது.

ஜோடி, முட்டை, குஞ்சு

கூட்டை விட்டு முதல் தடவையா பறந்து போற குஞ்சு மூணுல இருந்து அஞ்சு வருஷம் தரையையே மிதிக்காது, முழுக்க முழுக்கக் கடல்தான். அப்புறம் பொறந்த தீவுக்கு வந்து ஆட ஆரம்பிக்கும். நிஜமாவே ஆட்டம்தான், ரெண்டும் எதிர் எதிர்ல நின்னு அலகைக் கடகடன்னு அடிக்கும், தலையைக் குனிஞ்சு இறக்கைக்குள்ள விடும், நிமிர்ந்து அலகை வானத்தைப் பார்க்க நீட்டி மாடு கத்துற மாதிரி ஒரு நீளமான சத்தம் கொடுக்கும், இப்படி இருபதுக்கு மேல அசைவு இருக்கு. சின்னப் பறவைங்களுக்குத் தாளம் தப்பும், பல வருஷம் பல பேரோட ஆடிப் பழகி ஒருத்தரோட அசைவு கச்சிதமா பொருந்தும்போதுதான் ஜோடி அமையும். அமைஞ்சா நீண்ட காலம். எப்பவும் ஆணும் பொண்ணுமா இருக்கணும்னும் இல்ல, ஹவாய்ல இருக்கிற ஓவாஹு தீவுல ஆண் பறவைங்க கம்மி, அங்க ஜோடிகள்ல 31 சதவீதம் ரெண்டுமே பொண்ணுன்னு 2008-ல வெளிவந்த ஆய்வு சொல்லுச்சு, அதுங்களும் சேர்ந்து குஞ்சு வளர்க்குது.

ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை. தாயோட எடையில பத்துல ஒரு பங்கு கனம். உடைஞ்சா அந்த வருஷம் அவ்ளோதான், இன்னொண்ணு போடாது. ரெண்டு மாசத்துக்கு மேல அப்பாவும் அம்மாவும் முறை வச்சு அடைகாக்கும், ஒரு ஆள் முறை வாரக்கணக்குல கூட நீளும், அதுவரைக்கும் சாப்பாடு இல்லாம உக்காந்திருக்கும். குஞ்சு பொரிஞ்சப்புறம் அஞ்சு மாசத்துக்கும் மேல தீனி கொண்டு வரணும். வட பசிபிக்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் கணவாயும் பறக்கும் மீன் முட்டையும் எடுத்துட்டு வரும், வர்ற வழியிலயே வயித்துல அது கெட்டியான எண்ணெயா மாறிடும், கனம் கம்மி, சத்து ஜாஸ்தி. குஞ்சு அலகைக் குறுக்க வச்சு அம்மாவோட அலகைத் தட்டும், உடனே எண்ணெய் ஒழுகும், ஒரு சொட்டு கீழ விழாம குடிச்சுடும்.

இவ்ளோ வேலை இருக்கிறதால பல ஜோடிங்க ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் முட்டை போடும். விஸ்டம் 2006-க்கு அப்புறம் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் வந்து முட்டை போட்டிருக்கா, அவ ஜோடி பேரு அகேயாகாமாய், ஹவாய் மொழியில ஞானத்தை நேசிக்கிறவன்னு அர்த்தம். வாழ்நாள்ல 50, 60 முட்டை போட்டிருக்கலாம், 30 குஞ்சு வரைக்கும் பறக்க விட்டிருக்கலாம்னு அங்க வேலை பார்க்கிறவங்க மதிப்பிடுறாங்க. சில வருஷம் முன்னாடி அவ வளர்த்த குஞ்சு ஒண்ணு பெருசாகி அவ கூட்டுல இருந்து சில அடி தள்ளி நின்னதைப் பதிவு பண்ணாங்க.

எதையெல்லாம் தாண்டி வந்தா

2011 மார்ச்ல ஜப்பான் பக்கம் வந்த பூகம்பத்தோட சுனாமி ராத்திரியில மிட்வேயை அடிச்சுது. பெரிய பறவைங்க நிறைய கடல்ல இருந்துச்சு, குஞ்சுங்களால பறக்க முடியாது. லேசான், கருங்கால் அல்பட்ராஸ் ரெண்டும் சேர்த்து 1,10,000 குஞ்சும், குறைஞ்சது 2,000 பெரிய பறவையும் போச்சுன்னு மதிப்பிட்டாங்க. விஸ்டம் சில நாள் கழிச்சுத் தீவுல கண்ணுல பட்டா.

1992 கடைசி வரைக்கும் வட பசிபிக்ல மைல் கணக்கா நீளமான மிதவை வலை போட்டாங்க, அதுல எண்ணி முடியாத அளவு கடற்பறவை மாட்டி செத்துச்சு, ஐ.நா. தடைக்கு அப்புறம்தான் நின்னுச்சு. மிட்வேல பழைய கட்டடங்கள்ல இருந்து உதிர்ற ஈயப் பெயின்ட்டைப் பக்கத்துக் கூட்டுக் குஞ்சுங்க கொத்தித் தின்னு, நரம்பு கெட்டு, இறக்கையைத் தூக்க முடியாம தொங்கப் போட்டுக்கிட்டே செத்துச்சு, அந்த மண்ணைச் சுத்தம் பண்ண பல வருஷம் ஆச்சு.

பிளாஸ்டிக் விஷயத்தைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்க்கணும். பறக்கும் மீன் தன்னோட முட்டையை மிதக்கிற பொருள் மேல ஒட்ட வைக்கும். ஒரு காலத்துல அது மரக்கட்டையா இருந்துச்சு, இப்ப பாட்டில் மூடியும் லைட்டரும். அல்பட்ராஸ் முட்டைக் கொத்தை அள்ளும்போது மூடியும் சேர்ந்து வயித்துக்குள்ள போகுது, அங்க இருந்து குஞ்சு வாய்க்குள்ள போகுது. பறக்கிறதுக்கு முன்னாடி குஞ்சு செரிக்காத கணவாய் அலகு எல்லாத்தையும் ஒரு உருண்டையா கக்கும், அந்த உருண்டையைப் பிரிச்சா கருப்புக் கணவாய் அலகுங்களுக்கு நடுவுல கலர் கலரா பிளாஸ்டிக். கக்க முடியாத குஞ்சு வயிறு நிறைஞ்ச மாதிரியே இருந்து பட்டினியில செத்துப் போகும்.

2015-ல இன்னொண்ணு ஆரம்பிச்சுது, சுண்டெலி. ராத்திரியில அடைகாக்கிற பறவையோட முதுகையும் கழுத்தையும் உயிரோட கடிச்சுத் தின்னுச்சு. தரையில எதிரியே இல்லாம வளர்ந்த இனம், கடிச்சாலும் முட்டையை விட்டு எழுந்து போகாம உக்காந்துக்கிட்டே இருந்துச்சு. கேமரா வச்சுப் பார்த்தப்புறம்தான் காயத்துக்குக் காரணம் எலின்னு உறுதியாச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

99 பறவையோட கணக்கு

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அன்னிக்கு வளையம் போட்ட 99 பறவையை எடுத்துக்குவோம். வளர்ந்த லேசான் அல்பட்ராஸ் ஒரு வருஷம் உயிர் பிழைக்கிற வாய்ப்பு சுமார் 95 சதவீதம். வயசாக ஆக அது குறையலன்னு வச்சுக்கிட்டு 1956-ல இருந்து 2024 வரைக்கும் 68 வருஷத்துக்குப் பெருக்கிக்கிட்டே போனா 3 சதவீதம் மிஞ்சும், அதாவது 99-ல மூணு பறவை. இதே 95-ஐ 90-ஆ குறைச்சுப் பாருங்க, சுமார் 1,300-ல ஒண்ணுதான் மிஞ்சும், 99-ல ஒண்ணு கூட இருக்காது.

வெறும் அஞ்சு சதவீதம்.

அப்ப விஸ்டம் விதியை மீறின பிறவின்னு சொல்லத் தேவையே இல்ல, வளர்ந்த பறவைங்க சாகாம இருந்தா இந்த இனத்துல இப்படி ஒருத்தி வர்றது எதிர்பார்க்கக் கூடியதுதான். அவ கூடவே இன்னும் ரெண்டு பேர் வளையம் தேய்ஞ்சு விழுந்து அடையாளம் தெரியாம பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. நியூசிலாந்துல டயரோவா முனையில பாட்டின்னே பேர் வச்ச ராயல் அல்பட்ராஸ் ஒண்ணு 1937-லயே வளையம் போட்டு 1989 வரைக்கும் வந்துச்சு, அதுவும் வளர்ந்தப்புறம் வளையம் போட்ட பறவைதான், அறுபது தாண்டின கணக்கு. எங்க பொறுமையா பதிவு வச்சாங்களோ அங்க கிழவிங்க கண்ணுல படுறாங்க.

இதுக்கு மறுபக்கம் இருக்கு. வருஷத்துக்கு ஒரு முட்டை, அதுவும் எல்லா வருஷமும் இல்ல, முதல் முட்டைக்கே எட்டு வருஷம், இப்படி மெதுவா வாழுற இனத்துல ஒரு குஞ்சு போறது வருத்தம், ஒரு வளர்ந்த பறவை போறது பெரிய இழப்பு, ஏன்னா அது போட வேண்டிய எல்லா முட்டையும் சேர்ந்து போகுது, அதோட ஜோடியும் அடுத்த ஆளைத் தேடிப் பல வருஷத்தை இழக்குது. சுனாமியில லட்சம் குஞ்சு போன வருஷத்தைக் கூட இந்த இனம் தாண்டிடும், ஆனா வருஷா வருஷம் தூண்டில் கப்பல் கொஞ்சம் கொஞ்சமா பெரிய பறவையை எடுத்துக்கிட்டே இருந்தா தாண்ட முடியாது. ஆயிரக்கணக்கான கொக்கியில இரை மாட்டி நீளமான கயித்தைக் கடல்ல விடும்போது, இரை முங்குறதுக்கு முன்னாடி பறவை வந்து கவ்வும், கொக்கி மாட்டும், கயிறு கீழ இழுத்துட்டுப் போய் மூழ்கடிச்சுடும்.

தடுக்கிற வழி ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. ராத்திரியில கயிறு விடலாம், சீக்கிரம் முங்கற மாதிரி கயித்துல எடை கட்டலாம், கப்பலுக்குப் பின்னாடி கலர் நாடா தொங்கவிட்டுப் பறவையை விரட்டலாம், மூணையும் சேர்த்துச் செய்யிற இடத்துல சாவு பெருமளவு குறையுது. 2004-ல இருந்து அல்பட்ராஸுக்குன்னே ஒரு சர்வதேச ஒப்பந்தம் அமல்ல இருக்கு, இருந்தும் 22 இனத்துல 15 இனம் அழியிற அபாயப் பட்டியல்ல இருக்கு. கணக்கு இவ்ளோ தெளிவா இருக்கும்போது எல்லாக் கப்பலும் இதைச் செய்யாம இருக்கிறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2021-ல இருந்து 2025 வரைக்கும்

2021 பிப்ரவரில விஸ்டத்துக்கு ஒரு குஞ்சு பொரிஞ்சுது. அந்த வருஷத்துக்கு அப்புறம் அகேயாகாமாய் தீவுக்கு வரவே இல்ல. என்ன ஆச்சுன்னு சொல்ல வழியில்ல, கடல்ல செத்தா வளையம் கூட கிடைக்காது. அவ மட்டும் வழக்கம் போல வந்தா, முட்டை இல்ல. ஜோடி போனா அல்பட்ராஸ் சாகுற வரைக்கும் தனியாவே இருக்கும்னு ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு, அது உண்மை இல்ல. அடுத்தடுத்த பருவத்துல அவ மத்த ஆண் பறவைங்களோட ஆட ஆரம்பிச்சதைப் பார்த்தாங்க. எழுபது வயசுக்கு மேல, தன்னை விட எவ்ளோ சின்னவனோ தெரியாத ஒருத்தனுக்கு எதிர்ல நின்னு அலகடிச்சு, தலையை இறக்கைக்குள்ள விட்டு, வானத்தைப் பார்த்துக் கத்தி, முதல்ல இருந்து அந்த முழு ஆட்டமும்.

2024 நவம்பர் கடைசியில புது ஜோடியோட, பழைய இடத்துல, நாலு வருஷத்துல முதல் முட்டை. அவ முட்டையை அவன்கிட்ட ஒப்படைச்சுட்டுக் கடலுக்குக் கிளம்பினா. 2025 ஜனவரி கடைசியில அது பொரிஞ்சுது.